பெரியாச்சிக்கு மூட்டுவலித் தைலம்

ஒரு தெய்வத்துக்கு மூட்டுவலித் தைலம் வாங்கிக்கொண்டு கடல் கடந்து போன மனிதன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தைலத்தோடு ஒரு சரிகைச் சால்வையும், மாமியார்களைப் பற்றிய ஒரு கட்டு நகைச்சுவைத் துணுக்குகளும் கொண்டு போனேன். சால்வையைப் பற்றி மட்டும் எனக்கு இன்றுவரை வெட்கம் இல்லை.

தேவகோட்டைப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு ஆச்சி என்றால் நகரத்தார் வீட்டு அம்மாள். பெரியாச்சி என்றால் அந்த வீட்டிலேயே மூத்தவர். சிங்கப்பூருக்குப் போய்வந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர் சென்னையில் என்னைப் பிடித்து, அங்கே ராமலிங்கம் என்று ஒருவர் பெரியாச்சியின் வாழ்க்கையையும் பெருமையையும் பேச ஊரிலிருந்து படித்த ஆள் ஒருவர் வேண்டும் என்கிறார், நடுவில் நிறுத்தாமல் முழுசாகச் சொல்ல வேண்டுமாம், போகிறீரா என்றார். யாரோ பணக்காரக் குடும்பம் பாட்டியம்மாளின் சதாபிஷேகத்தைக் கொண்டாடுகிறது என்று நான் முடிவு கட்டினேன். நடுவில் நிறுத்தாமல் பேசு என்று மேடைப் பேச்சாளனான என்னிடம் அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. அந்த மயக்கத்தில் வேறெதையும் விசாரிக்கவில்லை.

சிங்கப்பூர் அப்போது வெள்ளைக்காரன் கையில்தான் இருந்தது. ஐம்பதுகளின் பிற்பாதி. ராமலிங்கம் துறைமுகத்தில் கிராணி. நம் ஊரில் குமாஸ்தா என்போமே, அது. முப்பத்தைந்து வயதிருக்கும். பாதி நரைத்த தலை, சிரிக்காத முகம். வாடகைக் காரில் என்னை ஏற்றிக்கொண்டார். மரியாதைக்காக நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"ஆச்சி சௌக்கியமா?"

"அவங்களுக்கென்னங்கய்யா. உக்கிரமாத்தான் இருக்காங்க."

கோபக்காரப் பாட்டி என்று எடுத்துக்கொண்டேன். "சாப்பாடெல்லாம் எப்படி?"

"போன மாசம் முட்டை, கருவாடு, ஒரு போத்தல் ஸ்டவுட்டு. எல்லாம் வெச்சோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடல் கடந்தால் மனிதர்கள் மாறுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எண்பது வயது ஆச்சி ஸ்டவுட் என்ற கறுப்பு பீரைக் குடிக்கும் அளவுக்கு மாறுவார் என்று நினைக்கவில்லை. கை கால் எல்லாம் எப்படி இருக்கிறது என்று தயக்கத்தோடு கேட்டேன்.

"கை எட்டும் நல்லாருக்குங்க. போன வருசம் ஒண்ணு உடைஞ்சுது. சரி பண்ணிட்டோம்."

வயதானவர்கள் குளியலறையில் விழுவது சகஜம். உடைந்து கூடிய கை அலமாரிவரை எட்டுகிறது என்றால் நல்ல வைத்தியம்தான் என்று பாராட்டினேன். தைலம் வாங்கி வந்த என் முன்யோசனையையும் உள்ளூர மெச்சிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். சிராங்கூன் சாலையில் ஒரு கோயில் வாசலில் கார் நின்றது. ஆச்சி கோயிலுக்கு வந்திருக்கிறார்போலும் என்று சால்வையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பக்கவாட்டில் ஒரு தனிச் சந்நிதி. ராமலிங்கம் சட்டென்று கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சுற்றுமுற்றும் பார்த்து, ஆச்சி எங்கே என்றேன்.

"எதிர்லதானே இருக்காங்க" என்றார் கண்ணைத் திறக்காமல்.

எதிரே பார்த்தேன். கை எட்டும் நன்றாகத்தான் இருந்தன. காலடியில் கிரீடம் வைத்த ஒருவன் நசுங்கிக் கிடந்தான். மடியில் ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள். அவள் வயிறு திறந்திருந்தது. ஒரு கையில் கத்தி. தலைக்கு மேலே உயர்த்திய இன்னொரு கையில் ஒரு பச்சைக் குழந்தை. கப்பலில் நான் தயாரித்த உரையில் சாவிக்கொத்து இருப்பதாக எழுதியிருந்த கையில் குடல் இருந்தது. வெற்றிலைச் சிவப்பு என்று வர்ணித்திருந்த வாயை நான் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

புராணங்களைக் கரைத்துக் குடித்தவர் என்று என்னை மேடையில் அறிமுகம் செய்வார்கள். நான் குடித்த குடத்தில் இந்த அம்மாள் இல்லை. என் தேவிகள் எல்லாரும் தாமரையில் உட்கார்ந்து வீணை வாசிப்பவர்கள். மிஞ்சிப் போனால் ஒரு எருமைத்தலையனை, அதுவும் புன்னகையோடு, குத்துவார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ராமலிங்கம் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என்னை எதற்காக வரவழைத்தார் என்பதைச் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி தனலட்சுமிக்கு இது நிறைமாதம். இதற்கு முன் ஒரு குழந்தை. அப்போதும் வழக்கப்படி பிரசவத்துக்கு முன் வீட்டில் பெரியாச்சி கதையைச் சொல்ல வைத்தார்கள். சொன்னவர் வயிற்றைக் கிழித்த கட்டம்வரை வந்தார். இருமல் வந்தது, கோப்பி குடித்தார், மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போய்விட்டார். அன்று இரவே வலி எடுத்தது. குழந்தை அழவே இல்லை. பாதியில் நின்ற கதை என்று தெருவே சொன்னது. அன்றைக்கே ராமலிங்கம் நேர்ந்துகொண்டார்: அடுத்த தடவை ஊரிலிருந்து படித்தவர் ஒருவரைக் கூட்டிவந்து ஆத்தா கதையைக் கடைசிவரை சொல்ல வைக்கிறேன்.

"நீங்க நிறுத்த மாட்டீங்கன்னு சொன்னாங்க ஐயா" என்றார்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ராமலிங்கம் இருந்தது சிராங்கூன் சாலைக்குப் பின்புறச் சந்து ஒன்றில், ஒரு மசாலாக் கடைக்கு மேல்மாடி. ஏணிக்குத் தங்கைபோல ஒரு மரப்படி. எதிர்வீட்டு ஜன்னல்களிலிருந்து மூங்கில் கழிகள் நீண்டு, அவற்றில் துணிகள் கொடிகள்போல ஆடின. நம் ஊரில் துணியைக் கொல்லையில் மறைத்துக் காயப்போடுவோம். இங்கே யார் வீட்டு வேட்டி எத்தனை கிழிசல் என்று ஊருக்கே தெரியும்.

தனம் படிமேல் நின்று வரவேற்றாள். இருபத்தாறு வயதிருக்கும். முகம் வெளுத்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. பக்கத்து அறையில் குடியிருந்த அந்தோணியம்மாளும் கூட நின்றார். நர்ஸை அங்கே மிஸ்ஸி என்பார்கள். இவர் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் மிஸ்ஸி. வேதக்காரர். காலையில் மாதாகோயில், அப்புறம் நாள் முழுக்க சைக்கிள். என் பையிலிருந்து தைலம் உருண்டு விழுந்ததும் எடுத்து மோந்து பார்த்து, யாருக்கு என்று கேட்டார். பொதுவாக வாங்கி வந்தது என்றேன். அப்படியானால் எனக்கு என்று எடுத்துக்கொண்டார். சைக்கிள் மிதித்து மிதித்து அவருக்கு முட்டி போய்விட்டதாம். ஒரு சாட்சியம் தானே ஒழிந்ததில் எனக்கு நிம்மதி.

மறுநாளிலிருந்து கதை திரட்டக் கிளம்பினேன். பேச்சு வெள்ளிக்கிழமை மாலை. யாரிடமும் எனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ளாமல், நம் பக்கம் ஒரு விதமாகச் சொல்வார்கள், உங்கள் பக்கம் எப்படி என்று கேட்டுக்கொண்டு போனேன். படித்தவர்கள் காலங்காலமாகக் கையாளும் முறைதான்.

முன்பாதியில் எல்லாரும் ஒற்றுமை. வல்லாளன் என்று ஒரு கொடுங்கோல் ராஜா. குடிகளை வதைத்தான், முனிவர் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. உனக்குப் பிறக்கும் பிள்ளையின் உடல் மண்ணில் பட்டால் நீயும் உன் நாடும் அழிவீர்கள் என்று அவர் சபித்துவிட்டார். ராணிக்கு வலி எடுத்தபோது அரண்மனைப் பக்கம் போக எந்த மருத்துவச்சிக்கும் துணிவில்லை. கூப்பிடாமலே ஒரு கிழவி வந்தாள். பெயர் பெரியாச்சி. கூலி வேண்டாம், பிள்ளையை மண்ணில் படாமல் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். அப்படியே செய்தாள். காரியம் முடிந்ததும் ராஜா வாளை உருவினான். கிழவி நிமிர்ந்தாள். நிமிர நிமிரக் கைகள் முளைத்தன.

இங்கேதான் சிங்கப்பூர் இரண்டாகப் பிரிந்தது. தேக்கா மார்க்கெட்டில் பூக்கட்டும் காளியம்மாள், ராணியும் கூட்டுக் களவாணிதான், மருத்துவச்சியை முடியைப் பிடித்து இழுத்தாள், அதனால்தான் ஆத்தா அவள் வயிற்றையும் கிழித்தாள் என்றார். எங்கள் மாடிக்குக் கீழே இருந்த மசாலாக் கடைக்காரரோ, இல்லை, பிள்ளை வெளியே வரவில்லை, கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது என்றார். பிரசவத்துக்கு முன்னால் கிழித்தாளா, பின்னால் கிழித்தாளா? முன்னால் என்றால் வைத்தியம். பின்னால் என்றால் தண்டனை. கடைசி வரியில் மட்டும் மறுபடி எல்லாரும் ஒன்று: ஆத்தா பிள்ளையை உயரத் தூக்கிப் பிடித்தாள். அதைச் சொன்னால்தான் கதை முடிந்ததாக அர்த்தம். அதற்குமுன் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். காளியம்மாள் பூவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

அன்று மத்தியானம் முழுவதும் பயத்தைச் சாப்பாட்டால் அமுக்கப் பார்த்தேன். மலாய்க்காரர் தள்ளுவண்டியில் வாங்கிய மீ கோரெங் என்ற சிவப்புச் சேமியா நாக்கைச் சுட்டது. சீனர் கடைக் கோப்பி, நம் டிகிரி காப்பிக்குச் சிற்றப்பன் முறை என்று சொல்லலாம். கறுத்து, கனத்து, கொஞ்சம் கருகி. கடைக்காரர் என் தட்டைக் காட்டி ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த தமிழர் மொழிபெயர்த்தார்: தூக்குமேடைக்குப் போகிறவன்போலத் தின்கிறானே, இவன் யார் என்று கேட்கிறாராம்.

மூன்றாம் நாள் பிற்பகல். ராமலிங்கம் வேலைக்குப் போயிருந்தார். வாசற்படியில் மிஸ்ஸி கால் நீட்டி உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தனம் ஜன்னலோரத்தில் நீளப் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளம்மா."

"அந்த ராணி பொழைச்சாங்களா?"

கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் புள்ளையத் தூக்குனாங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சிப் போயிடுறாங்க. ராணி என்ன ஆனாங்கன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. வெள்ளிக்கெழமை தவறாம போய் நிக்கிறேன். எல்லாரும் ஆத்தா மொகத்தப் பாத்துக் கும்புடுறாங்க. எனக்கு மடியில கெடக்குறவங்க மொகந்தான் கண்ணுக்குத் தெரியுது. போன தடவையும் அப்படித்தான். இந்தத் தடவ கிட்டக்கப் பாத்தா என் மொகம் மாரியே இருக்கு."

"பொழைச்சிருப்பா லா" என்றார் மிஸ்ஸி, பேச்சின் வாலில் அந்த ஊர் 'லா'வை ஒட்டி, தேய்ப்பதை நிறுத்தாமல். "ஆப்பரேசன் பண்ணித்தானே எடுத்திருக்காங்க. தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"ஆத்தாள வெச்சு வெளையாடாதீங்க மிஸ்ஸி" என்றாள் தனம். கண் என்னைவிட்டு நகரவில்லை.

பேச்சாளர்கள் எல்லாரிடமும் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். அதைச் சொன்னேன்: "அதை வெள்ளிக்கிழமை விளக்கமாகச் சொல்கிறேன்." அவள் நம்பித் தலையை ஆட்டிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அந்த நம்பிக்கைதான் என்னைக் கொன்றது. ராணி இறந்தாள் என்று நிறைமாதக்காரி முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பிழைத்தாள் என்று நானாக ஒரு கதை கட்டினால், அந்த எட்டுக் கைக்காரி கேட்டுக்கொண்டிருக்க மாட்டாளா? எனக்குச் சாமி பயம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. சென்னையில் அது வெளியே வருவதற்குச் சந்தர்ப்பம் வாய்த்ததில்லை.

மறுநாள் நான் செய்ததை மறைப்பதில் பயனில்லை. ஓடிப்போகப் பார்த்தேன். வியாழக்கிழமை காலை, கடற்கரையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, முன்கூட்டியே கிளம்பும் கப்பல் ஏதாவது உண்டா என்று விசாரிக்கத் துறைமுகப் பக்கம் போகும் மின்சார பஸ்ஸில் ஏறினேன். தண்டவாளம் இல்லாத டிராம் அது; தலையில் இரண்டு கம்பு நீண்டு மேலே உள்ள மின்கம்பியைத் தொட்டுக்கொண்டே ஓடும். ஓடிக்கொண்டிருந்தது, படார் என்று ஒரு சத்தம். மேலே நீலப் பொறி பறந்தது. பஸ் மூச்சை விட்டுவிட்டு நின்றது. ஜன்னல் வழியே பார்த்தேன். எதிரே அந்தக் கோயில் கோபுரம்.

எனக்கு வேர்த்து ஊற்றியது. பக்கத்தில் இருந்த சீனக் கிழவி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மலாய்க்காரக் கண்டக்டர் நீண்ட மூங்கிலைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அரைகுறை ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினார்: பயப்படாதே, இந்த வளைவில் கம்பு தினமும் கழலும் என்கிறாராம். தினமும் கழலுவது இருக்கட்டும். தினமும் நான் ஓடிப்போவதில்லையே. இறங்கி, கோயில் பக்கம் முகத்தைத் திருப்பாமல், நடந்தே வீட்டுக்குத் திரும்பினேன். கடற்கரை எப்படி இருந்தது என்று மாலையில் ராமலிங்கம் கேட்டார். அலை அதிகம் என்றேன்.

வெள்ளிக்கிழமை வெயில் சாய்ந்த நேரம். மேல்மாடிக் கூடம் நிறைந்துவிட்டது. காளியம்மாள் பூக்கூடையோடு முன்வரிசையில். மசாலாக் கடைக்காரர் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். சுவரில் பெரியாச்சி படம். எலுமிச்சை மாலை, ஊதுவத்திப் புகை. தனம் தூணில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். மிஸ்ஸி வேதக்காரர் என்பதால் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். நிலைப்படி வேதத்தில் சேர்த்தி இல்லைபோலும்.

பழக்கம் பொல்லாதது. ஆரம்பித்ததுமே ராஜாக்களைப் பற்றி ஒரு துணுக்கு சொன்னேன். சிரித்தார்கள். உற்சாகத்தில் இன்னொன்று. வரி வசூல், மந்திரிகள், சென்னைக் கார்ப்பரேஷன் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. வயிறு கிழியும் இடத்துக்குப் போகாமல் இருக்க எவ்வளவு சுற்று வழி உண்டோ அவ்வளவிலும் போனேன். முனிவர் சாபத்துக்கே அரைமணிக்கு மேல் ஆகிவிட்டது.

அப்போது பாயின் ஓரத்தைப் பற்றியிருந்த தனத்தின் கையைப் பார்த்தேன். கோரை நொறுங்கும் அளவுக்குப் பிடித்திருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். மிஸ்ஸி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். குனிந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தார்.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

தனம் தலையை ஆட்டினாள். "கதை முடியட்டும்."

"கதை கெடக்குது. குழந்தை குறுக்க கெடக்குது லா."

"முடியட்டும் மிஸ்ஸி. பாதியில வர மாட்டேன்."

ராமலிங்கம் டாக்சி பிடிக்கக் கீழே ஓடினார். ஓடும்போது என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. சீக்கிரம் முடி என்று என்னிடம் எத்தனையோ கூட்டங்களில் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். ஒரு உயிர் அதில் தொங்கியது அன்றைக்குத்தான்.

முடிப்பதற்கு எனக்குக் கதை தெரிய வேண்டுமே. மூளை துடைத்த பலகைபோல இருந்தது. மருத்துவச்சிகள் வர மறுத்ததையும், கிழவி கூப்பிடாமலே வந்ததையும், கூலி வேண்டாம் என்றதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். வயிற்றைக் கிழிக்கும் இடம் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தனம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் சுவரில் இருந்தவளைப் பார்த்தேன். அவளை நான் முழுசாகப் பார்த்தது அப்போதுதான். அதுவரை குடலையும் கத்தியையும் கண்டதும் கண்ணைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ராஜா காலடியில் இருந்தான். ராணி மடியில் இருந்தாள்.

"அம்மா" என்றேன். குரல் என்னுடையதாக இல்லை. "ஆத்தா யாரை எங்கே வைத்திருக்கிறாள் என்று பாருங்கள். எதிரியைக் காலுக்கடியில் போட்டு மிதித்திருக்கிறாள். ராணியை மடியில் வைத்திருக்கிறாள். தண்டிக்க நினைத்தவளை யாராவது மடியில் போட்டுக்கொள்வார்களா? வலி எடுத்தவள் மருத்துவச்சி மடியில்தானே சாய்வாள்? பிள்ளைக்கு வழியில்லை என்று வயிற்றைத் திறந்தாள். அதற்காக ராணியை அவள் கீழே விடவில்லை. அன்றைக்கு மடியில் போட்டவளை இன்றைக்குவரை இறக்கவில்லை. ராணி பிழைத்தாள்."

சொல்லிவிட்டு நிறுத்தினேன். அந்த மாதிரி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து அதற்குமுன் வந்ததில்லை. அது சபையில் இறங்கட்டும் என்று கொஞ்சம் இடம் விட்டேன். மேடை வித்தை அது, ரத்தத்தில் ஊறியது.

தனம் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. மிஸ்ஸி ஒரு பக்கம், அதற்குள் மேலே வந்துவிட்ட ராமலிங்கம் ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள, அந்த ஏணிப்படியில் அவளை இறக்கினார்கள். எனக்குக் கண் கலங்கியது. என் சொல் ஒரு பெண்ணை எழுப்பி நடக்க வைத்துவிட்டதே என்று நெஞ்சு நிமிர்ந்து நின்றேன்.

"புள்ளைய இன்னும் தூக்கலையே" என்றார் காளியம்மாள்.

கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது. பிள்ளையைத் தூக்கவில்லை. கதை முடியவில்லை. சரியாகப் போன தடவை நின்ற இடத்தில், வயிறு திறந்த இடத்தில், நிறுத்திவிட்டு நான் கைதட்டலுக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

படிகளில் இறங்கினேனா விழுந்தேனா என்று சொல்ல முடியாது. ராமலிங்கம் பிடித்தது உரிமம் இல்லாத திருட்டு டாக்சி. நல்லவேளை, அது இரண்டு தடவை உறுமி அணைந்திருந்தது. மூன்றாம் தடவை உயிர் வரவும் நான் போய்ச் சேரவும் சரியாக இருந்தது. பின் ஜன்னலுக்குள் தலையை நுழைத்து, "தூக்கிட்டா! ஆத்தா புள்ளையத் தூக்கிட்டா! மண்ணுல படல!" என்று கத்தினேன். வண்டி நகர்ந்தது. தலை உள்ளேயும் கால் வெளியேயுமாக, வெறுங்காலோடு, சந்து முனைவரை கூடவே ஓடினேன். மிஸ்ஸி என் நெற்றியில் கை வைத்து வெளியே தள்ளினார். மலாய் டிரைவர் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தைக்கு இதுவரை யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை.

அதற்குப்பின் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. டாக்சி கிளம்புவதற்கு முன் சொன்னது கணக்கில் சேருமா, வண்டி நகர்ந்தபின் சொன்னது சேருமா என்று மசாலாக் கடைக்காரரும் காளியம்மாளும் விவாதித்தார்கள். எனக்கு அந்த விவாதம் சிரிப்பாக இல்லை. படத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த சுலோகம் ஒன்றும் அவளுக்குப் பொருந்துவதாக இல்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் என்னைச் செய்வதைச் செய், அந்தப் பெண்ணை மடியிலிருந்து இறக்கிவிடாதே என்று மட்டும் தமிழில் கேட்டுக்கொண்டேன். ஐம்பது வயதில் நான் செய்த முதல் பிரார்த்தனை அது என்று நினைக்கிறேன். மற்றவை எல்லாம் மேற்கோள்கள்.

விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபின் ராமலிங்கம் படியேறி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாங்கய்யா" என்றார்.

"குழந்தை?" என்றேன்.

"பொண்ணு. ஆஸ்பத்திரியே அதிர்ற மாரி கத்துது."

கூடத்தில் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். காளியம்மாள் குலவையிட்டார். நானும் கும்பிட்டேன். கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது. பிள்ளையைத் தூக்கியதோடு எழுந்து போகிறார்கள் என்று ஜன்னலோரத்தில் அவள் சொன்னாளே, அந்தக் கூட்டத்தில் இப்போது நானும் ஒருவன்.

"தனம்?" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல நான் பட்ட பயத்தை அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை.

ராமலிங்கம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. முதல் தடவையாக அவர் சிரித்தாரா அழுதாரா என்று தெரியாமல் ஒரு சத்தம் வந்தது. "கண்ணு முழிச்சிட்டா ஐயா. தண்ணி கேட்டா. தரக்கூடாதுன்னாங்க. மிஸ்ஸிய ஏசுறா."

இரண்டு நாள் கழித்து, பார்வையாளர் நேரத்தில், ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீண்ட கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். சீனத் தாய்மார், மலாய்த் தாய்மார், நம்மவர்கள், எல்லாருடைய பிள்ளைகளும் ஒரே மொழியில் அழுதுகொண்டிருந்தன. தனம் தலையணையில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் துணி மூட்டைபோலக் குழந்தை. முட்டி தேய்த்துக்கொண்டு மிஸ்ஸியும் இருந்தார்.

நலம் விசாரித்தேன். பெயர் என்ன என்று கேட்டேன், பெரியநாயகி என்றாள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பேச்சாளன் ஒருவன் எவ்வளவு நேரம்தான் பொறுப்பான்? அன்றைக்கு மடியைப் பற்றிச் சொன்னேனே, அது மனத்துக்குத் தைரியமாக இருந்ததா என்று, ஏதோ தற்செயலாக ஞாபகம் வந்ததுபோல, கேட்டேன்.

தனம் மிஸ்ஸியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாவம், பொய் சொல்லத் தெரியாத பெண்.

"என்ன மடி? வலி வந்ததுக்கப்புறம் ஒண்ணுமே காதுல விழலீங்கய்யா. எப்ப நிறுத்துவீங்கன்னு உங்க வாயத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க மூச்சு வாங்க நிறுத்துனீங்க, முடிஞ்சிருச்சுன்னு எந்திரிச்சிட்டேன். ஆமா, அப்புறம் டாக்சிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு என்னமோ கத்திக்கிட்டே ஓடி வந்தீங்களே, வேட்டி கதவுல மாட்டிக்கிச்சா?"